திருகோணமலை நூல்கள் இணையமேறிய வரலாறு

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் பிறந்த தமிழ் நூல்கள் இணையத்தில் பரவலாகப் படிக்கக் கிடைக்கத் தொடங்கியது 2005க்குப் பிறகுதான். அந்த ஆண்டில் தி. கோபிநாத், மு. மயூரன் ஆகியோரின் முயற்சியால் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து எழுத்து எதுவாயினும் சேர்த்துக் காப்பது என்ற நோக்கோடு இயங்கியது. புத்தகம் வைத்திருந்தவர்கள் கொடுத்தார்கள். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தார்கள், மின்வருடினார்கள், ஏற்றினார்கள். யார் எதை ஏற்றலாம், எந்தப் பதிப்பை, எந்த வடிவில், யாரிடம் கேட்டு என்ற குழப்பங்களும் அப்போதே தொடங்கின. அவற்றுள் பாதி கணினியால் வந்தவை. மறுபாதி அந்த நூல்களுக்குள் முன்பே இருந்தவை.

திருக்கோணேச்சரத்தைப் பாடும் தட்சிண கைலாச புராணம் இதற்கு நல்ல சான்று. ஏட்டுச்சுவடியில் வழங்கிய இந்நூல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேறியது. ஒரு பதிப்பு இதன் ஆசிரியர் யாழ்ப்பாண அரசன் செகராசசேகரன் என்கிறது; இன்னொரு பதிப்பு பண்டிதராசர் என்கிறது. இணைய நூலகத்தின் பதிவுப் பக்கத்தில் ‘ஆசிரியர்’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியவர் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. இரண்டு பெயர்களையும் காட்டி, எந்தப் பதிப்பின் பிரதி கையில் இருக்கிறதோ அதன் விவரத்தைப் பிசகாமல் எழுத மட்டுமே முடியும். கவிராசர் பாடியதாக வழங்கும் கோணேசர் கல்வெட்டு என்ற நூலுக்கும் இதுவே நிலை. குளக்கோட்டன் என்ற மன்னன் திருக்கோணேச்சரக் கோயிலை எடுத்ததையும், கோயில் தொழும்புகள் யார் யாருக்கு உரியவை என்பதையும் சொல்லும் அந்நூல் செய்யுளும் உரைநடையும் கலந்தது. கோயிலார் தேவைக்காகப் படியெடுக்கப்பட்டு வந்ததால் பாடங்கள் வேறுபடுகின்றன. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தியபோது, குளக்கோட்டன் பெயர் சொல்லும் கல்வெட்டுக் கல்லொன்றும் கோட்டை வாயிலில் பதிக்கப்பட்டது. பிறட்றிக் கோட்டை எனப்படும் அக்கோட்டையின் வாயிலில் அது இன்றும் உள்ளது. எழுத்துகள் சிதைந்திருப்பதால் அதன் வாசகத்தைப் பலர் பலவிதமாக நிரப்பிப் படித்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றைக் கல்லில் உள்ளதே இதுதான் என்று பதிவேற்றினால், அடுத்து வருகிற எல்லாப் படிகளும் அதையே எடுத்தாளும்.

அச்சுக் காலத்தில் இந்தத் துறைமுக நகரம் தமிழ்ப் புனைகதைக்குத் தந்த பங்கு அதன் பரப்புக்கு மிஞ்சியது. 1891இல் வெளிவந்த எஸ். இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ இலங்கையின் தொடக்ககாலத் தமிழ் நாவல்களில் ஒன்று. ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய இரட்டையர் கதை ஒன்றைத் தமிழாக்கியது அது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1895இல், தி. த. சரவணமுத்துப்பிள்ளை ‘மோகனாங்கி’யை வெளியிட்டார். மதுரை நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட இந்நூலே தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று கருதப்படுகிறது. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையில் பிறந்து சென்னைக்குப் போய்க் கீழைத்தேயச் சுவடி நூலகத்தில் நூலகராக இருந்தவர். அவருடைய தமையன் தி. த. கனகசுந்தரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர். ஒருவர் சுவடிகளைக் காத்தார், மற்றவர் நூல்களைச் செப்பம் செய்தார். இந்தச் சகோதரர்களின் சொந்த ஊரிலேயே அவர்களுடைய நூல்கள் கிடைத்தற்கரியவையாகிப் போனது பெரும் இழப்பு. ‘மோகனாங்கி’ பிற்காலத்தில் சுருக்கப்பட்டு வேறு தலைப்பிலும் வெளிவந்தது. ஆகவே அந்த நாவலை ஏற்ற விரும்புபவர் தம் கையிலிருப்பது முழுநூலா சுருக்கமா என்று முதலில் பார்த்துச் சொல்லியாக வேண்டும்.

இத்தகைய நூல்களை உடனே பொது இடத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்ற அவசரத்தின் காரணம் வேறு. 1981 மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒற்றைப் பிரதியாக இருந்தவை பலவும் அவற்றுடன் போயின. கிழக்கில் வன்முறைகளும் இடப்பெயர்வுகளும் வீட்டு அலுமாரிகளை வெறுமையாக்கின. 2004 டிசம்பர் 26இல் கடல்கோள் மூதூர், கிண்ணியா, திருகோணமலைக் கரையோரங்களைத் தாக்கியது. 2006இல் மாவிலாற்றில் தொடங்கிய போர் மூதூரை முழுவதுமாக இடம்பெயரச் செய்தது. எஞ்சிய ஒரு பிரதியை உடனே மின்வருடிவிட வேண்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று தோன்றியதில் தவறில்லை. அந்தப் ‘பிறகு’தான் குழப்பத்தின் பெரும்பகுதி.

முதற்குழப்பம் எழுத்துருவில் வந்தது. இணையத்தில் தமிழ் நூல்களைச் சேர்க்கும் கூட்டு முயற்சிக்கு முன்னோடி மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 தைப்பொங்கல் நாளில் அதைத் தொடங்கினார். மயிலை, இணைமதி போன்ற எழுத்துருக்களில் தொடங்கி, தஸ்கி குறியேற்றத்துக்கு மாறி, பின்னர் ஒருங்குறிக்கு வந்தது அத்திட்டம். இலங்கையிலோ அச்சகங்களிலும் கணினி நிலையங்களிலும் பாமினி எழுத்துரு ஊன்றியிருந்தது. திருகோணமலையில் ஒரு கவிதைத் தொகுப்பைப் பாமினியில் தட்டச்சு செய்து அச்சுக்குக் கொடுத்தவரின் கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். அச்சுக்காகச் செய்த கோப்பு இருக்கிறதே, அதை அப்படியே அனுப்பிவிடலாம் என்று ஆசிரியர் நினைப்பார். அதை ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றத்தில் சிதையும் எழுத்துகளைத் திருத்தாமல் பயன்படுத்த முடியாது என்று சேகரிப்பவர் அறிவார். நூலகம் திட்டம் மீளத் தட்டச்சிடுவதிலிருந்து பக்கங்களைப் படமாக மின்வருடிப் பிடிஎஃப் கோப்பாக்கும் முறைக்கு நகர்ந்ததில் இந்தச் சிக்கல் பெருமளவு அடங்கியது. தட்டச்சுப் பிழை நுழையவில்லை, அட்டையும் படங்களும் பக்க எண்ணும் அப்படியே கிடைத்தன. நூலுக்குள் சொல் தேடும் வசதி மட்டும் நீண்ட காலம் இல்லாமற்போனது. ஆனால் நூல் தப்பியது.

அடுத்தது வாசல் எது என்ற குழப்பம். நூலகத்தின் இணையத்தளம் விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் அமைந்தது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண், ஆசிரியர், வகை, மொழி, வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்கள் என்ற விவரக் கட்டம், ‘வாசிக்க’ என்ற தலைப்பின் கீழ்க் கோப்பு, அதற்கும் கீழே உள்ளடக்கம். பார்வைக்கு விக்கிப்பீடியா போலவே இருந்ததால் யாரும் நேரே புகுந்து ஏற்றிவிடலாம் என்று எண்ண இடமிருந்தது. உண்மையில் தெரிவு, அனுமதி, எண் வழங்கல் ஆகிய படிகளைக் கடந்த பின்னரே ஓர் ஆவணம் அங்கே இடம்பெறும். இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற தளங்களில் கணக்கு வைத்திருக்கும் எவரும் ஏற்றலாம். அங்கே ஒரே நூல் மூன்று தலைப்புகளில், ஒன்றில் அட்டையில்லாமல், இன்னொன்றில் ஆண்டு தவறாக இருப்பதைக் காணலாம். விக்கிமூலத்தின் நிபந்தனை வேறு: அங்கே நூல் காப்புரிமை கடந்ததாகவோ, வணிகப் பயன்பாடு உட்பட யாரும் மீள வெளியிடலாம் என்ற திறந்த உரிமத்தில் உள்ளதாகவோ இருக்க வேண்டும். “என் புத்தகத்தை இணையத்தில் போடுங்கள், ஆட்சேபமில்லை” என்று ஓர் எழுத்தாளர் சொல்வது முதல் வாசலுக்குப் போதும், மூன்றாவதற்குப் போதாது. இந்த வேறுபாட்டைக் கொடுப்பவருக்கு விளக்காமல் கோப்பை வாங்குவது அவருக்குச் செய்யும் அநீதி.

ஒரே கோப்பில் பலருடைய உரிமை கலந்திருக்கும் சிக்கலும் உண்டு; அதற்கு இணையான ஒன்றை வேறொரு துறையிலும் காணலாம். பலகைப் போர் ஆட்டங்களைக் கணினியில் ஆட உதவும் வாஸல் என்ற திறந்த மூல மென்பொருளுக்கு, ஆட்டக்காரர்களே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு கூற்றுக்கோப்பை (module) உருவாக்கிப் பொது நூலகத்தில் ஏற்றுகிறார்கள். 1782இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரனும் பிரித்தானியத் தளபதி ஹியூஸும் மோதிய திருகோணமலைக் கடலும், 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் தாக்கிய அதன் துறைமுகமும் இத்தகைய ஆட்டங்களுக்குக் கருப்பொருளாகியிருக்கின்றன. கூற்றுக்கோப்பைச் செய்த உழைப்பு ஆட்டக்காரருடையது. வரைபடமும் காய்களின் ஓவியமும் விதிநூலும் வெளியீட்டு நிறுவனத்துடையவை. ஏற்றுபவர் எதற்கு உரிமையாளர், எதற்கு அல்லர் என்பது தெளிவாகாத வரை அந்தக் கோப்பின் நிலையும் தெளிவாகாது. பழைய பதிப்பை நீக்கிப் புதியதை ஏற்றுவதா, இரண்டையும் வைப்பதா என்ற கேள்வியும் அங்கே உண்டு. கோணேசர் கல்வெட்டின் புதிய பதிப்பொன்றை மின்வருடுபவரும் இவற்றுக்கே விடை சொல்ல வேண்டும். மூலச் செய்யுள் எவருக்கும் பொது. பதிப்பாசிரியரின் முன்னுரை, குறிப்பு, உரை ஆகியவை அவருடையவை. நூலை வெளியிட்ட திணைக்களமோ சங்கமோ இருந்தால் அதன் உரிமை தனி.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி காப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப்பின் 70 ஆண்டுகளும் நீள்கிறது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 50 ஆண்டுகளாக இருந்தது. இந்தியாவில் 60 ஆண்டுகள். இந்த எண்களை ஊரின் எழுத்தாளர்கள்மேல் பொருத்தினால் விளைவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. 1902இல் மறைந்த சரவணமுத்துப்பிள்ளை, 1922இல் மறைந்த கனகசுந்தரம்பிள்ளை ஆகியோரின் எழுத்துகள் எந்தக் கணக்கிலும் காப்புரிமை கடந்தவை. மூதூரில் பிறந்து ‘தோணி’, ‘கொழுகொம்பு’ ஆகியவற்றைத் தந்த வ. அ. இராசரத்தினம் 2001இல் மறைந்தார். அவருடைய எழுத்து 2071 வரை குடும்பத்தாருடையது. ‘சுடர்விளக்கு’ எழுதிய நா. பாலேஸ்வரியின் நாவல்களுக்குக் காலம் அதற்கும் அப்பால் போகிறது. ‘பூஜைக்கு வந்த மலர்’ போன்றவை வீரகேசரிப் பிரசுரமாக வந்தவை. அங்கே உரிமை ஆசிரியரிடமா வெளியீட்டாளரிடமா என்பதை அன்றைய உடன்பாடுதான் சொல்லும். அக்காலத்தில் எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் இடையே பல ஏற்பாடுகள் வாய்ச்சொல்லில் முடிந்தவை. தாளில் இருந்தவற்றிலும் இணையம் என்ற சொல் இருக்க வழியில்லை.

சட்டப் புத்தகம் எளிதில் தொடாத ஆவணங்களும் மாவட்டத்தில் ஏராளம். பாடசாலை மலர், கோயில் கும்பாபிஷேக மலர், இறந்தவரின் அந்தியேட்டி நாளில் வெளியிடும் நினைவு மலர், கையெழுத்துப் பிரதியாகவோ சில நூறு பிரதிகளாகவோ வந்து நின்றுபோன சிற்றிதழ்கள். திருகோணமலையிலிருந்து வந்த ‘நீங்களும் எழுதலாம்’ என்ற கவிதையிதழ் இப்படியான சிற்றிதழ்களுள் ஒன்று. ஓர் இதழில் முப்பது பேர் எழுதியிருந்தால் உரிமையாளரும் முப்பது பேர். நடைமுறையில் இதழாசிரியரின் சம்மதத்தோடு முழு இதழும் ஏற்றப்படுகிறது. நினைவு மலர் இன்னும் நுட்பமானது. தேவாரமும் மரபுவழியும் ஊர் வரலாறும் அதில் இருக்கும். உயிரோடிருக்கும் பிள்ளைகள், பேரர்களின் பெயரும் வசிக்கும் நாடும் கூட இருக்கும். ஊர்வரலாறு எழுதுபவருக்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஆனாலும் குடும்பத்திடம் கேட்காமல் ஏற்றுவது சரியன்று.

விவரக் கட்டத்தை நிரப்பும் வேலை பலருக்குச் சலிப்பாகத் தோன்றும். நூல் தேடுபவருக்குக் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் அதைப் பொறுத்தே இருக்கிறது. ஊர்ப்பெயரே திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை, திருமலை என நான்கு விதமாக அட்டைகளில் வருகிறது. ஒன்றைத் தலைப்பாக வைத்து மற்றவற்றை அதற்கு வழிப்படுத்தாவிட்டால், ஒரு பெயரில் தேடுபவர் மற்ற மூன்றின் கீழுள்ள நூல்களைக் காணமாட்டார். என். செல்வராஜா 2002 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்ட ‘நூல்தேட்டம்’ இவ்விடத்தில் பேருதவி. ஒவ்வொரு தொகுதியிலும் ஆயிரம் ஈழத்து நூல்களின் விவரம்: பதிப்பு, அச்சகம், ஆண்டு, பக்கம், அளவு. அட்டை கிழிந்து கையில் வந்த ஒரு நூலை அடையாளம் காண அதைப் புரட்டுவார்கள்.

இப்போது கைத்தொலைபேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது எவருக்கும் எளிது. அப்படி வருகிற கோப்புகளில் அடிக்கடி விடுபடுவது தலைப்புப் பக்கத்தின் மறுபுறம், அதாவது பதிப்பாண்டும் அச்சகமும் உரிமைக் குறிப்பும் உள்ள பக்கம். கதை முழுதும் இருக்கிறது, அது எந்த ஆண்டு எங்கே அச்சானது என்று சொல்லும் அந்த ஒரு தாள் இல்லை. ஆவணக்காப்பாளர்கள் கேட்பது அதிகமில்லை: அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாத படம், முன்னட்டை முதல் பின்னட்டை வரை ஒரு பக்கமும் விடாமை, நூல் யாரிடமிருந்து வந்தது என்ற குறிப்பு, உரிமையாளர் கையொப்பமிட்ட ஒரு கடிதம். கடைசியாகச் சொன்ன கடிதத்தை எழுதித் தரக்கூடிய எழுத்தாளர்களும் அவர்களின் வாரிசுகளும் மூதூரிலும் கிண்ணியாவிலும் நகரத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பரந்திருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்க் கேட்கும் வேலை இன்னும் முடியவில்லை.