நனைவது வேறு, நுழைவது வேறு

யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள கரம்பொன் என்ற ஊரிலிருந்து பட்டினத்துக்கு வண்டியில் போக இரண்டு வழிகள் உண்டு. வேலணை, அல்லைப்பிட்டி கடந்து பண்ணைப் பாலத்தால் போகலாம். அல்லது ஊர்காவற்றுறை இறங்குதுறையில் ‘பாதை’ ஏறிக் காரைநகரில் இறங்கி, அங்கிருந்து பொன்னாலைப் பாலத்தால் போகலாம். வேறு ஊர்களில் பாதை என்றால் காலுக்குக் கீழே கிடக்கிற தரை. இங்கே அது ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு கடலில் மிதக்கிற தெப்பம். எந்த வழியைத் தேர்ந்தாலும் கடலைக் கடக்காமல் ஊரைவிட்டு வெளியேற முடியாது. ஆகவே, எஞ்சினும் தண்ணீரும் எப்படி ஒத்துப்போகின்றன என்பது தீவகத்தாருக்கு மோட்டார் வந்த நாளிலிருந்தே அன்றாடப் பிரச்சினையாக இருந்துவந்திருக்கிறது. போர்ஷே 911 போன்ற, எஞ்சினைப் பின்னால் சுமக்கும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் உலகெங்கும் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: பின்மூடியிலே காற்றுக்காகக் கம்பித் துவாரம் விட்டிருக்கிறதே, கழுவும்போது தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடாதா? அந்தக் கார் கரம்பொன் ஒழுங்கைகளில் ஓடுவதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் இந்தக் கரையின் மோட்டார் வரலாற்றில் இருக்கிறது.

முதலில் ‘எஞ்சினுக்குள்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்கவேண்டும். எஞ்சினின் மேலே தண்ணீர் விழுவது ஒன்று. பிளக், வயர், டிஸ்ரிபியூட்டர் போன்ற மின்பாகங்கள் நனைவது இன்னொன்று. பிஸ்டன் ஓடுகிற சிலிண்டருக்குள் தண்ணீர் போவது மூன்றாவது. பயப்படுகிறவர்கள் முதலாவதைக் கண்டு மூன்றாவதை நினைத்துக்கொள்கிறார்கள். காற்றாலே குளிரும் எஞ்சினைப் பின்னால் வைத்த பழைய வோக்ஸ்வாகன் ‘பீட்டில்’ காரை எடுத்துக்கொள்வோம். அதன் பின்கண்ணாடிக்குக் கீழேயே காற்றுக்கான துவாரங்கள் இருந்தன. பின்மூடியிலும் துவாரம் வைத்த திறந்தகூரைக் கார்களில், விழும் மழைத்தண்ணீரை ஏந்தி ஓரமாக வடித்துவிட உள்ளே ஒரு தகட்டுத் தட்டு பொருத்தியிருந்தார்கள். 1963இல் மக்கள் முன் காட்டப்பட்ட 911இல் கம்பித் துவாரத்துக்கு நேர் கீழேயே குளிர்விக்கும் விசிறி நிற்கிறது. மழை அதன்மேல் விழுந்து கீழே வழிந்துபோகிறது. இவை செய்யப்பட்ட ஜெர்மனியில் பனியும் மழையும் குறைவில்லை. அந்த மழையை எதிர்பார்த்தே அவற்றைச் செய்தார்கள். 1954, 1957, 1962 ஆகிய ஆண்டுகளில் கிழக்காபிரிக்க சபாரி ஓட்டப்பந்தயத்தில் பீட்டில் கார்தான் வென்றது. மழைக்காலச் சேற்றிலும் பெருகிய ஆற்றுத் துறைகளிலும் ஓடுகிற அந்தப் பந்தயத்தில் வென்ற எஞ்சினை, வீட்டு முற்றத்தில் ஊற்றுகிற ஒரு வாளித் தண்ணீர் கெடுத்துவிடும் என்று நம்புவது கடினம்.

ஆனால் வெளிநாட்டுப் பந்தயம் தீவகத்துக்குச் சாட்சியாகாது என்று சொல்லலாம். இங்கேயே இதைவிட வலுவான சாட்சி இருக்கிறது. இக்கரையில் எஞ்சின் பின்னால் இருப்பது முதலில் தரையில் ஓடுகிற வண்டியில் அல்ல, படகில்தான். பாயும் துடுப்பும் ஆண்ட ஊர்காவற்றுறைத் துறையில் 1950களின் பிற்பகுதியிலிருந்து மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் வரத் தொடங்கியது. பின்னர் கண்ணாடியிழைப் படகும் அதன் பின்புறத்தில் தொங்கும் வெளியிணைப்பு எஞ்சினும் பரவின. அந்த எஞ்சினின் அடியில் ரப்பர் இதழ்கள் வைத்த ஒரு சிறிய பம் இருக்கிறது. அது கடல்தண்ணீரை உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றியுள்ள வழிகளால் ஓடவிட்டு, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே தள்ளுகிறது. எஞ்சின் தலைக்குக் கீழே பென்சில் தடிப்பில் ஒரு தாரை பீச்சிக்கொண்டிருக்கும். அது நின்றுவிட்டால் ஓட்டுகிறவர் உடனே எஞ்சினை நிறுத்துவார். அதாவது, தண்ணீர் உள்ளே ஓடாதபோதுதான் அந்த எஞ்சின் கெடுகிறது. குளிர்விக்கிற வழி வேறு, எரிகிற அறை வேறு. இரண்டுக்கும் நடுவே உலோகச் சுவரும் கஸ்கெற்றும் இருக்கின்றன. பின்னால் இருக்கிற எஞ்சினுக்குள் தண்ணீர் போகலாமா என்று கேட்பவருக்கு, எந்த வழியால் என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவர்கள் கடற்கரை மெக்கானிக்குகள்.

தரையிலும் பின்-எஞ்சின் வண்டி ஊருக்கு அந்நியமில்லை. ஒவ்வொரு சந்தியிலும் நிற்கிறதே ஓட்டோ, அதுதான் அது. பஜாஜ் நிறுவனம் முன்பக்க எஞ்சின் வைத்த முச்சக்கர வண்டிகளைச் செய்துவந்து, 1977இல் எஞ்சினைப் பின்னால் மாற்றிய வண்டியை அறிமுகப்படுத்தியது. அதன் பெயரிலுள்ள ‘ஆர்இ’ என்ற இரண்டு எழுத்துகளும் ‘பின் எஞ்சின்’ என்பதன் சுருக்கமே. மாரிமழையில் வெள்ளம் நின்ற தெருவைக் கடந்து ஓட்டோ ‘பட்’டென்று நின்றுவிடுவதைக் காட்டி, பின்-எஞ்சின் தண்ணீருக்கு ஆகாது என்று யாராவது வாதிடலாம். நின்றுபோவது உண்மைதான். ஆனால் நிற்கும் காரணம் பிளக் மூடியிலோ வயரிலோ ஏறிய ஈரம். பொறி உலோகத்தில் ஓடிவிடுகிறது, பிளக்குக்குப் போவதில்லை. துணியால் துடைத்துக் காயவிட்டால் வண்டி திரும்ப எழும்புகிறது. உள்ளே தண்ணீர் புகுந்த எஞ்சின் அப்படி எழும்பாது. அதற்கும் மேலாக, மழையில் நிற்பதற்குப் பேர்போன கார் முன்-எஞ்சின் காரான மினிதான். 1959இல் வந்த மினியில் டிஸ்ரிபியூட்டர் முன்பக்கக் கம்பிக்கு நேர் பின்னால் இருந்ததால், முன்னே போகிற லொறி வாரியிறைத்த தண்ணீரெல்லாம் அதன்மேல் விழுந்தது. எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதைவிட மின்பாகம் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே காரியம்.

தண்ணீர் உண்மையாகவே எஞ்சினுக்குள் போகும் வழிகள் இரண்டு உண்டு. இரண்டையும் மறைக்கத் தேவையில்லை. ஒன்று எரிபொருள் வழி. 1990இலிருந்து வடக்கில் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் குடாநாட்டின் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிடைத்த சொட்டுப் பெற்றோலைக் கொண்டு எழுப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தண்ணீர் பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் விடப் பாரமானது. தாங்கியில் சேர்ந்தால் அடியில் தங்கி, காபரேற்றர் கிண்ணத்துக்கு முதலில் போய்ச் சேருவதும் அதுதான். கானில் மழை விழவிடாமல் பார்ப்பதும் துணியால் வடித்து ஊற்றுவதும் அந்த அறிவின் விளைவு. மற்றது காற்று வழி. ஓடுகிற எஞ்சின் காற்றோடு சேர்த்துத் தண்ணீரையும் இழுத்துவிட்டால், அமுங்காத தண்ணீர்மேல் பிஸ்டன் மோதி, அதைத் தாங்குகிற தண்டு வளைந்துவிடும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களைத் திறப்புப் போட்டு எழுப்பவேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டதன் காரணம் இதுவே. ஆனால் அது காற்று வாங்கும் குழாயின் வாய்மட்டத்துக்கு வெள்ளம் ஏறும்போது நடப்பது. கழுவுகிற காரில் எஞ்சின் ஓடுவதில்லை, உறிஞ்சலும் இல்லை. குழாயின் வாயைத் தாண்டி, வளைவுகளைத் தாண்டி, வடிகட்டியையும் நனைத்து ஊறித் தண்ணீர் தானாக ஏறிப்போக வழியில்லை. வெள்ளத்தின் பயத்தை வாளியின்மேல் ஏற்றுவது தவறான கணக்கு.

இன்னொரு தடையும் சொல்லப்படும்: இப்போது வாளியால் கழுவுகிறார்களா, சேர்விஸ் நிலையத்தில் அழுத்தக் குழாயால் அல்லவா அடிக்கிறார்கள்? இந்தத் தடைக்கு நியாயம் உண்டு. மழைத்துளி தானாக விழுகிற வேகத்துக்கு எதிராகச் செய்யப்பட்ட ரப்பர் மூடி, கைக்கெட்டும் தூரத்திலிருந்து பாய்கிற தாரைக்கு எதிராகச் செய்யப்பட்டதல்ல. பின்மூடியின் துவாரத்துக்குள் நேராக அடித்தால் வயர் இணைப்புகளிலும் மின்பிறப்பாக்கியிலும் ஈரம் ஏறும். சூடாக இருக்கிற உலோகத்தில் திடீரெனக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவதும் நல்லதல்ல. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, துவாரத்தின்மேல் தாரையைப் பிடிக்காமல் துணியால் துடைத்தால் போதும். இது முன்-எஞ்சின் காருக்கும் பொருந்துகிற புத்தி. இவ்வளவும் கவனித்தபின் எஞ்சும் பயத்துக்கு ஆதாரம் இல்லை.

அப்படியானால் தீவகத்து வண்டிகளைக் கெடுப்பது எது? வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகக் காற்று அடிக்கிறது. அந்த மாதங்களில் மழை அரிது, காற்றோ ஓயாது. அது அலையின் தலையைச் சீவி எடுத்த நுண்துளிகளைத் தரைமேல் கொண்டுவந்து போடுகிறது. கடல்தண்ணீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. துளி காய்ந்தாலும் உப்புக் காய்வதில்லை: காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கசிகிறது. கடற்கரையில் இரவுதோறும் ஈரப்பதன் அந்த எல்லையைக் கடப்பது சாதாரணம். ஆகவே கழுவாமல் நிற்கிற வண்டி காய்ந்த வண்டியல்ல. இரவில் உப்புநீரில் நனைந்து பகலில் உலர்கிற வண்டி. கதவு விளிம்பில் விரலை இழுத்து நாக்கில் வைத்தால் கரிக்கும். பீட்டிலின் எஞ்சின் கூடு மக்னீசியக் கலவை. 1960களின் பிற்பகுதியிலிருந்து 1977 வரை வந்த பெரும்பாலான 911களின் கூடும் அதுவே. உப்புநீருக்கு அவ்வளவு சீக்கிரம் இரையாகிற உலோகம் மோட்டார் வண்டியில் வேறில்லை. வெளியிணைப்பு எஞ்சின் கதையும் இதையே சொல்கிறது. ஓடும்போது உப்புத்தண்ணீர் அதற்குப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை; கரையேறிய பிறகு உள்வழிகளில் தங்கிக் காய்கிற உப்புத்தான் அதைத் தின்கிறது. அதனால்தான் பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் காலை அதற்குள் இறக்கிச் சிறிது நேரம் ஓடவிடுகிற முறை வந்தது. உப்பு ஏறிய எஞ்சினுக்கு மருந்தும் தண்ணீரே.

இங்கேதான் உண்மையான சங்கடம் தொடங்குகிறது, ஏனென்றால் எந்தத் தண்ணீர் என்ற கேள்வி கரம்பொனில் சிறியதல்ல. சுண்ணாம்புக்கல்லில் இறங்கிய மழைநீர், கடல்நீருக்கு மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு; மேலே ஓரடி இறைத்துவிட்டால் கீழிருந்து சவர், அதாவது உப்புத்தண்ணீர், அந்த 40 அடியும் ஏறப் பார்க்கும். அதனால் தீவகத்தில் ஒரு கிணறு நல்ல தண்ணீர், அடுத்த கிணறு சவர். வேலணைச் சாட்டிக் கிணறுகள் பல ஊர்களின் தாகத்தைத் தீர்க்கின்றன. பவுசர் வரும் நாளை எண்ணி வீடுகள் காத்திருக்கின்றன. குடிக்கிற தண்ணீருக்கே பவுசர் பார்க்கிற ஊரில் கார் கழுவலாமா என்று கேட்பது நியாயம். அதற்காகச் சவர்க் கிணற்றில் அள்ளிக் கழுவினால், காற்று போட்ட உப்பின்மேல் நாமும் உப்புப் பூசியவர்களாவோம். கழுவாமல் விடுவதே மேல். இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. நல்ல தண்ணீர் ஒரு வாளியும் பிழிந்த துணியும் ஒரு வண்டியின் உப்பை எடுக்கப் போதும். வாடைக்காற்று மழையோடு வந்துவிட்டால் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து அடிப்பாகத்தை அலசலாம். வண்டிகளைக் கழுவிச் சந்தனப் பொட்டு வைக்கிற ஆயுதபூசை, சோளகம் ஓய்ந்து மாரி தொடங்குகிற வேளையில் வருகிறது. அந்த நாளை வகுத்தவர்கள் மோட்டாரை நினைத்திருக்க முடியாது. ஆனாலும் ஒரு பருவத்து உப்பை வண்டியிலிருந்து இறக்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

இந்த முடிவு தீவகத்துக்கு மட்டுமானது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கரம்பொனிலிருந்து புலம்பெயர்ந்தோர் பலர் வாழும் கனடாவில் கடல் பக்கத்தில் இல்லாத தெருக்களிலும் மாரியில் பனி உருக உப்புக் கொட்டுகிறார்கள். அங்கே ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் கார்த்திகையில் அதைக் கொட்டிலில் பூட்டிவைப்பது மழைக்குப் பயந்தல்ல, தெருவிலுள்ள உப்புக்குப் பயந்து. மாரி முழுக்க ஓடவேண்டிய காருக்கு அடிப்பாகத்தைக் கழுவச் சொல்கிறார்கள். 1961 முதல் சில ஆண்டுகள் செய்யப்பட்ட அம்ஃபிகார், பின்னால் எஞ்சின் வைத்துக்கொண்டு தண்ணீரில் நீந்திய கார். அதை மிதக்க வைக்க முடிந்தது, துருவிலிருந்து காக்கத்தான் முடியவில்லை. பண்ணைப் பாலத்தைக் கடந்து மாலையில் ஊர் திரும்புகிற ஓட்டோக்காரர் பின்மூடியைத் திறந்து, பிளக் வயரை விலக்கி, ஈரத்துணியால் எஞ்சின் கூட்டைத் துடைக்கிறார் என்றால், 911 வைத்திருப்பவரின் கேள்விக்கான விடை அந்தத் துணியில் இருக்கிறது; பிழிந்த தண்ணீரைச் சுவைத்தால் தெரியும்.