ஃபான்டாஃப்ட்: எரிந்துபோன மரத் தேவாலயம்

இந்த வாரம் நார்வேக்குப் போவோம். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக நுழைகிற சோக்னே ஃபியோர்டு. அதன் உட்கோடியில் ஃபோர்டுன் என்ற ஊர். 1150 வாக்கில் அங்கே ஒரு தேவாலயம் கட்டினார்கள், முழுக்க மரத்தில்.

19-ஆம் நூற்றாண்டில் ஊருக்குப் புதுத் தேவாலயம் வந்ததும் பழசை இடிக்கப் பார்த்தார்கள். பெர்கன் நகரத்துப் பணக்காரர் ஒருவர் அதை வாங்கி, பிரித்து எடுத்துப்போய், 1883-ல் ஃபான்டாஃப்டில் நிறுத்தினார். அப்படித்தான் தப்பிச்சது.

1992 ஜூன் 6 அன்று அது எரிந்தது. தீ வைத்ததுதான். சந்தேகம் பிளாக் மெட்டல் ராக் இசை வட்டத்தின் மேல் விழுந்தது. மறுவருடம் பர்சம் என்ற பெயரில் வந்த ‘ஆஸ்கே’ இசைத்தட்டின் அட்டையில், கரிந்த அந்தக் கட்டடத்தின் படம். ஆஸ்கே என்றால் சாம்பல்.

அந்த வட்டத்தில் சிலர், கிறிஸ்தவத்துக்கு முந்தைய நார்வேதான் எங்களுடையது என்று பேசினார்கள். எனக்கு உறுத்துவது இதுதான்: வைக்கிங் காலத் தச்சர்களின் கைவேலை தொடர்ந்து வந்ததே இந்த மரத் தேவாலயங்களில்தான். நார்வேயில் மிச்சம் இருப்பது முப்பதுக்கும் குறைவு. எதிரியை எரிக்கிறோம்னு நினைச்சு, சொந்தப் பாட்டன் சொத்தை எரிச்சிருக்காங்க.

1997-க்குள் அதே வடிவத்தில் திரும்பக் கட்டிவிட்டார்கள். வடிவம் வந்தது, அந்த எண்ணூறு வருட மரம் வரவில்லை.