2 லட்சம் கி.மீ. ஓடிய சிட்டி வீடெக்: பெரிய கேம் போட்டால் பவர் கூடுமா?

பெங்களூரில் பழைய ஹோண்டா சிட்டி 1.5 வீடெக் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறீர்கள். 2003-ல் புது மாடலுக்கு வழிவிட்ட, 106 பிஎச்பி கார். மீட்டர் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. "பெரிய கேம், ஸ்டிஃப் ஸ்பிரிங் போடுங்க பாஸ், பறக்கும்" என்கிறார் நண்பர். ஜே.சி. ரோட்டுக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

வால்வை மூடுவது யார்?

கேம்ஷாஃப்டின் மேடு ராக்கர் ஆர்மை அழுத்தி வால்வைத் திறக்கிறது. மூடுவது ஸ்பிரிங். 7,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்குச் சுமார் 58 முறை திறந்து மூட வேண்டும். தளர்ந்த ஸ்பிரிங்கால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. வால்வ் மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து முட்டினால் வால்வ் வளைந்துவிடும். டைமிங் பெல்ட் அறுந்தாலும் இதே கதைதான்.

பவர் எங்கே போனது?

முதலில் மலிவான சந்தேகங்கள். ஆர்பிஎம் ஏறியதும் ஆயில் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளி ராக்கர்களைப் பூட்டும். கேமின் பெரிய மேடு பொறுப்பேற்கும். வீடெக் என்பது இதுதான். ஆயில் குறைந்தாலோ, சோலினாய்டின் சின்ன வலை அடைத்தாலோ அந்த 'உதை' வராது. பலர் இதற்குப் போய் ஹெட்டையே கழற்றிவிடுகிறார்கள்!

இன்னொன்று, பெங்களூரு கடல் மட்டத்தில் இருந்து 900 மீட்டருக்கு மேல். சென்னையில் பாய்ந்த டர்போ இல்லாத கார் இங்கே கொஞ்சம் டல் அடிப்பது காற்று மெலிந்திருப்பதால். வால்வ் மேல் பழி வேண்டாம்.

அடுத்து, லீக்-டவுன் டெஸ்ட். சிலிண்டருக்குள் செலுத்தும் காற்று சைலன்சர் வழியே வந்தால் எக்ஸாஸ்ட் வால்வ் கசிகிறது. ஆயில் மூடி வழியே வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் ஹெட்டில் செலவழிப்பது வீண். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் நீலப் புகை வந்தால் வால்வ் சீலைப் பாருங்கள்.

டாப்பட் இடைவெளியையும் அளக்கச் சொல்லுங்கள். 'டிக் டிக்' சத்தத்துக்கு எல்லாரும் பயப்படுவார்கள். உண்மையில் சத்தமே இல்லாத, டைட்டான வால்வ்தான் ஆபத்து: முழுசாக உட்காராமல் கருகிவிடும்.

அப்புறமும் கேம் வேண்டுமா?

ஸ்டிஃப் ஸ்பிரிங், ஏற்கெனவே தேய்ந்த கேம், ராக்கர்மீது கூடுதல் சுமை ஏற்றும். அதனால் மாற்றினால் செட்டாகத்தான் மாற்ற வேண்டும், ஈசியூ டியூனிங்கும் சேர்த்து. பெரிய கேம் பவரை மேல் ஆர்பிஎம்முக்குத் தள்ளும். கீழே இழுவை குறையும், ஐட்லிங் நடுங்கும். சில்க் போர்டு ஜங்ஷனில் நீங்கள் 7,000 ஆர்பிஎம்மை எப்போது பார்க்கப் போகிறீர்கள்?

15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும்போது புகைப் பரிசோதனையும் உண்டு. அங்கே பெரிய கேம் காலை வாரலாம்.

எனவே கம்பெனி ஸ்பிரிங், புது சீல், வால்வ் லேப்பிங், டாப்பட் செட்டிங், கூடவே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப். கேம் காசு இப்போதைக்குப் பேங்கிலேயே இருக்கட்டும்.