மணவுறவும் திருமுழுக்கும்: ஆங்கிலோ-சாக்சன் அரசுகளின் மதமாற்றம்

கி.பி. 597இல் போப் முதலாம் கிரிகோரி அனுப்பிய அகஸ்டீன் என்னும் துறவி கென்ட் நாட்டில் வந்திறங்கியபோது, அந்நாட்டு மன்னன் ஈத்தல்பெர்ட்டின் அரசியும் ஃபிராங்கு அரச குலத்தவளுமான பெர்த்தா ஏற்கெனவே கிறிஸ்தவ சமயத்தவளாக இருந்தாள். ரோமானிய ஆட்சி நீங்கியபின் பிரித்தானியாவில் குடியேறிய ஜெர்மானிய இனத்தாரான ஆங்கிலோ-சாக்சன்கள், ஓயாது போரிட்ட பல அரசுகளாகப் பிரிந்திருந்ததால், புதிய சமயம் மேலோங்கிய மன்னனின் செல்வாக்கைப் பற்றிக்கொண்டு பரவியது. அவன் வீழ்ந்தால் அதுவும் தளர்ந்தது. கென்டில் சமயம் தழுவிய கிழக்கு ஆங்கிலிய மன்னன் ரெட்வால்ட், ஒரே கோயிலில் கிறிஸ்துவுக்கும் பழைய தெய்வங்களுக்கும் பீடங்கள் வைத்திருந்ததை எட்டாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பீட் கண்டித்து எழுதுகிறார்; இரு தரப்பையும் பகைக்க விரும்பாத அரசியல் விவேகம் அது என்றும் கொள்ளலாம்.

நார்தம்ப்ரிய மன்னன் எட்வின், ஈத்தல்பெர்ட்டின் மகளை மணந்து, 627இல் யார்க் நகரில் திருமுழுக்குப் பெற்றான். சில ஆண்டுகளில் அவனைப் போரில் கொன்ற கூட்டணியில், பழைய தெய்வங்களை வணங்கிய மெர்சிய மன்னன் பெண்டாவுடன், கிறிஸ்தவனான வேல்ஸ் மன்னன் கட்வாலனும் இருந்தான் என்பதால், இவற்றைச் சமயப் போர்கள் என்பது பொருந்தாது. நாடிழந்து ஐரிஷ் மக்களிடையே வாழ்ந்தபோது கிறிஸ்தவனான ஆஸ்வால்ட், நார்தம்ப்ரியாவின் அரசனானதும் ஐரிஷ் மரபைச் சேர்ந்த அயோனா மடத்திலிருந்து ஐடன் என்னும் துறவியை வரவழைத்து லிண்டிஸ்ஃபார்ன் தீவை அளித்தான். அவனும் 642இல் பெண்டாவிடம் மாண்டான். அதே பெண்டா தன் நாட்டில் போதகர்களைத் தடுக்கவில்லை என்பது வியப்புக்குரியது. 655இல் அவனை வீழ்த்தியவன் ஆஸ்வால்டின் தம்பி ஆஸ்வியு. ஈஸ்டர் நாளைக் கணிப்பதில் ரோமானிய, ஐரிஷ் மரபுகளுக்கிடையே எழுந்த பூசலை, 664இல் கூடிய விட்பி மன்றத்தில் ரோமுக்குச் சார்பாகத் தீர்த்து வைத்தவனும் ஆயர் எவருமல்லர், அம்மன்னனே.