நாப்பது மணி நேரம்

போன வாரம் இங்கே அமெரிக்காவில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பையனுக்கு ஆட்டிசம். தினமும் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு இருபது வயசு இருந்தாலே அதிகம். "இவங்க என்ன படிச்சிருக்காங்க?"ன்னு மெதுவாக் கேட்டேன். "ஆர்.பி.டி. சர்ட்டிபிகேட் இருக்காம். அதுக்கு மேல எனக்கும் தெரியாதுப்பா" என்றார்.

நம்ம கை சும்மா இருக்குமா? கிளறினால் ஒரு சரித்திரமே வருது மக்கா!

கதை 1972-ல் ஃப்ளோரிடாவில் ஆரம்பிக்குது. மயாமியில் சன்லேண்ட் என்று மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான அரசு இல்லம். அங்கே நடத்தையைத் திருத்துகிறோம் என்ற பேரில் அடிப்பது, கட்டிப் போடுவது, தனியறையில் அடைப்பது எல்லாம் நடந்தது அம்பலமானது. செய்தவர்கள் சரியான பயிற்சி இல்லாத கடைநிலை ஊழியர்கள். விசாரணை, விதிமுறைகள் என்று போய், 80-களில் அந்த மாநிலம் இத்துறையினருக்குத் தேர்வு வைத்தது. அந்த அனுபவத்தோடுதான் 1998-ல் ஜெரால்ட் ஷூக் தேசிய அளவில் பி.ஏ.சி.பி. என்ற சான்றளிப்பு வாரியத்தைத் தொடங்கினார்.

இதற்கு நடுவில், 1987-ல் கலிஃபோர்னியாவில் ஐவர் லோவாஸ் தன் ஆய்வை வெளியிட்டிருந்தார். 19 குழந்தைகள், வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி, இரண்டு வருஷத்துக்கு மேல். அதில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பு தேறினார்கள் என்றார். கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவர்கள் கல்லூரி மாணவர்கள். ஆனா பல்கலைக்கழகத்தின் கண் எப்பவும் அவங்க மேல இருந்தது. அப்புறம் என்ன, பெற்றோர்கள் இதே பயிற்சி வேணும்னு கிளம்பிட்டாங்க.

1998 வாரியம் சான்று கொடுத்தது பட்டம் வாங்கினவங்களுக்கு. குழந்தையோட நாள் முழுக்கத் தரையில் உட்காருகிறவருக்கு? 16 வருஷம் அங்கே ஒண்ணுமே இல்லை! 2001-ல் இந்தியானாவில் தொடங்கி ஒவ்வொரு மாநிலமாக, ஆட்டிசத்துக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தரணும்னு சட்டம் வந்தது. ஆள் தேவை எகிறியது. 2014-ல் ஆர்.பி.டி. பிறந்தது.

என்ன தகுதி? 18 வயசு, பள்ளிப் படிப்பு, குற்றப் பின்னணி சோதனை, 40 மணி நேரப் பயிற்சி, ஒரு செய்முறை மதிப்பீடு. பின்னாடி ஒரு தேர்வும் சேர்ந்தது. வேலைக்குப் போன பிறகு மாசத்தில் குறைந்தது 5 சதவீத நேரம் மேற்பார்வை. பத்தே வருஷத்தில் ஆர்.பி.டி.க்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிட்டாங்க.

அந்த 40-ஐ கவனிச்சீங்களா? லோவாஸ் கணக்கில் அது குழந்தைக்கு ஒரு வாரப் பயிற்சி. இங்கே சொல்லிக் கொடுப்பவருக்கு மொத்தப் பயிற்சியே அவ்வளவுதான்!

அந்தப் பெண்ணைக் குறை சொல்லலை. பையன் அவளைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கறான். 2014-க்கு முன்னாடி இந்த நாப்பது மணியைக்கூட அந்த வாரியம் கேட்கலை. ஆனா சன்லேண்ட் சொல்லித் தந்த பாடம் மேலே இருக்கிறவர் பட்டத்தைப் பற்றி இல்லை. கீழே இருக்கிறவரை யார் பார்த்துக்கறாங்க என்பதுதான். அதனால் நண்பரிடம் ஒண்ணே ஒண்ணு சொன்னேன்: "சர்ட்டிபிகேட்டை விடுங்க. மேற்பார்வையாளர் கடைசியா எப்ப வந்து பக்கத்துல உட்கார்ந்தார்னு கேளுங்க."

யோசிச்சுப் பார்த்தார். பதில் வரலை.

கொசுறு: கலிஃபோர்னியாவில் பார்பர் லைசென்ஸ் வாங்க 1000 மணி நேரப் பயிற்சி வேணும் :-(