பிரிண்டர் ஆமை வேகத்தில் ஓடுதா? சர்வீஸுக்கு கொடுக்கும் முன் இதை செக் பண்ணுங்க!

நாளை காலை தேர்வு. இரவில் ஹால் டிக்கெட்டை பிரிண்ட் கொடுத்தால், பிரிண்டர் ஒரு வரி அடித்துவிட்டு நிற்கிறது. அப்புறம் இன்னொரு வரி. 'இது அவ்வளவுதான், புதுசு வாங்கணும்' என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பல நேரங்களில் கோளாறு மெஷினில் இருக்காது. செட்டிங்ஸிலோ, வைஃபையிலோதான் இருக்கும்.

எங்கே சிக்கல்?

ஸ்கேனர் உள்ள பிரிண்டர் என்றால், கம்ப்யூட்டரை தொடாமல் நேரடியாக ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். அது வழக்கமான வேகத்தில் வந்தால் மெஷின் நல்லாத்தான் இருக்கு என்று அர்த்தம்.

பிரிண்ட் தொடங்கவே தாமதமா?

யுஎஸ்பி கேபிளில் இணைத்து அதே பக்கத்தை அடித்துப் பாருங்கள். சட்டென்று வந்தால், பிரச்னை வைஃபையில். பிரிண்டரை ரூட்டருக்கு பக்கத்தில் வையுங்கள். பல வீட்டு பிரிண்டர்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்கும். பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத் எல்லாம் அதே அலைவரிசையில் இருப்பதால் அங்கே நெரிசல் அதிகம்.

கேபிளிலும் தாமதமா? முன்பு கொடுத்த பிரிண்ட் ஏதாவது வரிசையில் சிக்கியிருக்கலாம். அதை கேன்சல் செய்யுங்கள். போகவில்லை என்றால், விண்டோஸில் 'சர்வீசஸ்' என்று தேடி, அதில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அடுத்து, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இன்ஸ்டால் செய்து பாருங்கள்.

அடிக்கும்போது மெதுவா?

* பிரிண்ட் குவாலிட்டி 'ஹை' அல்லது 'பெஸ்ட்' என்று இருந்தால் 'நார்மல்' ஆக்குங்கள். நோட்ஸ், பாடக் குறிப்புகளுக்கு 'டிராஃப்ட்' போதும். ஹால் டிக்கெட்டுக்கு மட்டும் டிராஃப்ட் வேண்டாம். போட்டோவும் பார்கோடும் மங்கிவிடும்.
* சாதாரண பேப்பரை வைத்துவிட்டு, பேப்பர் வகையில் 'போட்டோ பேப்பர்' என்று இருந்தாலும் வேகம் குறையும். 'பிளெயின் பேப்பர்' என்று மாற்றுங்கள்.
* 'குவயட் மோட்' ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள். சத்தத்தைக் குறைக்க பிரிண்டர் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும்.
* இருபுறமும் அடிக்கும்போது, முதல் பக்கத்தின் மை காய இன்க்ஜெட் பிரிண்டர் சிறிது காத்திருக்கும். இது கோளாறு அல்ல.
* நிறைய பக்கங்களை தொடர்ந்து அடித்த பிறகு வேகம் குறைந்தால், சூடு காரணமாக இருக்கலாம். அரை மணி நேரம் ஓய்வு கொடுங்கள்.

பெட்டியில் போட்ட வேகம் உண்மையா?

உதாரணத்துக்கு, எப்சன் எல்3210 மாடலின் கருப்பு வெள்ளை டிராஃப்ட் வேகம் நிமிடத்துக்கு 33 பக்கம் வரை. ஆனால் ஐஎஸ்ஓ தர அளவீட்டில் அதே பிரிண்டரின் வேகம் சுமார் 10 பக்கம்தான். வாங்கும்போது இந்த ஐஎஸ்ஓ எண்ணைப் பாருங்கள்.

எப்போது சர்வீஸ்?

ஜெராக்ஸே மெதுவாக வருகிறது, உள்ளே கரகர சத்தம் கேட்கிறது, பேப்பர் அடிக்கடி சிக்குகிறது என்றால் மெக்கானிக்கிடம் காட்டுவதே நல்லது. மற்றபடி, செலவில்லாமல் வீட்டிலேயே சரி செய்துவிடலாம்.