பெட்டிக்குச் சக்கரம் வந்த கதை

நிலாவுல மனுஷன் கால் வச்சது 1969. சக்கரம் வச்ச பெட்டிக்கு அமெரிக்காவில் பெர்னார்ட் சாடோ பேடன்ட் வாங்கினது 1972! 🧵

1970-ல் குடும்பத்தோட அரூபா தீவுக்குப் போய்ட்டு, ரெண்டு கனமான பெட்டிகளைத் தூக்கிட்டுத் திரும்பினார் சாடோ. வழியில் விமான நிலைய ஊழியர் ஒருவர், பெரிய இயந்திரத்தைச் சக்கரப் பலகையில் வச்சு அலட்டாம தள்ளிட்டுப் போனார். பொறி தட்டியது. பெட்டிக்கு நாலு சக்கரம், இழுக்க ஒரு பட்டை.

கடைக்காரங்க வேண்டாம்னுட்டாங்க. ஆம்பளைன்னா பெட்டியைத் தூக்கணுமாம்! கடைசியில் மேசிஸ் கடை வாங்கியது.

1987-ல் ராபர்ட் பிளாத் என்ற விமானி பெட்டியை நிமிர்த்தி, ரெண்டு சக்கரமும் நீளக் கைப்பிடியும் வச்சார். முதலில் சக ஊழியர்களுக்கு வித்தார். பார்த்த பயணிகளும் கேட்டாங்க.

2021-ல் ஏர்டேக் வந்தது. அதில் ஜிபிஎஸ் கிடையாது. அதோட ப்ளூடூத் சிக்னலைப் பக்கத்துல இருக்கிற ஐபோன்கள் பிடிச்சு, பை இருக்கும் இடத்தைச் சொல்லும்.

டாக்டரா ஒண்ணு சொல்றேன். தொலைஞ்ச பெட்டி எந்த ஊர்ல இருக்குன்னு டேக் காட்டும். உள்ளே இருக்கிற இன்சுலினைக் கொண்டுவந்து தராது. சரக்கு அறைக் குளிரில் இன்சுலின் உறைஞ்சா, பிறகு அதை நம்பிப் போட முடியாது. அதனால இன்சுலின், தினசரி மாத்திரை, மருந்துச் சீட்டு மூணும் எப்பவும் கைப்பையில்தான். 🙏